ஹில்டாவின் கத்திரி

என் பிறந்தநாள் அட்டையில் ஆபீஸில் இருந்த எல்லாரும் இரண்டு வரியாவது எழுதியிருந்தார்கள். ஹில்டா க்ராப்ட்ரீ மட்டும் ஓர் எழுத்து போட்டிருந்தாள். 'ஹி.' அவ்வளவுதான். வாழ்த்தும் இல்லை, என் பெயரும் இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு வந்ததே கோபம், அட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே அவள் மேசைக்குப் போனேன்.

"என்ன ஹில்டா இது? பேனாவுல மை தீந்துபோச்சா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன் பேரு கவர்லயே இருக்கு. வாழ்த்து உள்ள அச்சடிச்சிருக்கு. அதையே நானும் எதுக்கு எழுதணும்?"

"ஆசையா ஒரு வார்த்தை எழுதினா நீ என்ன குறைஞ்சா போயிடுவ?"

"ஆசை இல்லன்னா அந்த ஒரு எழுத்தும் போட்டிருக்க மாட்டேன்" என்றாள் ஹில்டா.

அட்டையோடு என் மேசைக்குத் திரும்பினேன். அந்த அட்டை இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. மற்றவர்கள் எழுதிய இரண்டிரண்டு வரியில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

அப்போது நாங்கள் ஸ்டாக்போர்ட் நகரத்தில் ஒரு பழைய தொப்பித் தொழிற்சாலையின் மூன்றாவது மாடியில் வேலை செய்துகொண்டிருந்தோம். எண்பதுகளின் நடுவில். மழை பெய்தால் கூரை ஒழுகும். ஸ்டாக்போர்ட்டில் மழை பெய்யாத நாள் எது? நாங்கள் செய்துகொண்டிருந்தது கையில் பிடித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர். மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுதான் இருக்கும். இரண்டே வரி தெரியும் சின்னத் திரை, அதற்குக் கீழே பொத்தான்கள், முதுகில் ஒரு பேட்டரி. எழுதியதைச் சேர்த்துவைக்க, பக்கத்தில் செருகிக்கொள்ளும் ஒரு மெமரி பேக். 'லின்னெட்' என்று ஒரு சின்னப் பறவையின் பெயரை அதற்கு வைத்திருந்தோம். பஸ்ஸில் யாராவது பார்த்தால் "கால்குலேட்டரா அது?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கால்குலேட்டராம்! அதில் டைரி எழுதலாம், விலாசம் தேடலாம், மணி அடிக்க வைக்கலாம். ஆனால் பஸ்ஸில் எத்தனை பேரிடம் சண்டை போடுவது?

நான் நோரீன் ஹாஸ்லம். மற்றவர்கள் செய்வதை உடைத்துப் பார்ப்பது என் வேலை. புரோகிராம் எழுதுகிறவர்கள் "எல்லாம் சரியா இருக்கு" என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். பொத்தான்களைக் கண்டபடி அமுக்கி, பாதியில் அணைத்து, குளிரில் வைத்து, கீழே போட்டு, எங்கே சரியாக இல்லை என்று நான் காட்டுவேன். இதனால் ஆபீஸில் என்னை யாருக்கும் பிடிக்காது. ஹில்டா வரும்வரை அந்தப் பெருமை எனக்கு மட்டுமே இருந்தது.

லின்னெட்டின் புரோகிராம் முழுவதும் ஒரு கம்ப்யூட்டர் சில்லுக்குள் அடங்க வேண்டும். அதில் எவ்வளவு இடம் என்கிறீர்கள்? இந்தக் காலத்துப் பிள்ளைகள் கைபேசியில் ஒரு நாய்க்குட்டியைப் படம் எடுக்கிறார்களே, அதன் காதுக்குள் எங்கள் மொத்த லின்னெட்டும் அடங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் டைரி, விலாசம், மணி எல்லாவற்றையும் திணிக்க வேண்டும். ஒவ்வொரு பைட்டுக்கும் அடிதடி. ஒரு பைட் என்பது ஓர் எழுத்து வைக்கிற இடம். 'சேமிக்கவா?' என்று லின்னெட் கேட்டால் அந்தக் கேள்விக்குறி தேவையா என்று அரைநாள் பேசுவோம்.

இந்த இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகவே முதலாளி ஜெஃப்ரி என்ட்விசில் ஹில்டாவை வேலைக்கு எடுத்தார். அவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. சின்ன வயதில் தந்தி ஆபீஸ் கவுண்டரில் இருந்தவள். தந்திக்கு வார்த்தைக் கணக்கில் காசு என்பதால், சொல்ல வேண்டியதைக் குறைந்த வார்த்தையில் சொல்ல வழி தெரியாமல் நிற்கிறவர்களுக்கு, பென்சிலை எடுத்து அடித்து அடித்துச் சுருக்கிக் கொடுப்பாளாம். பிறகு ஒரு ரொட்டி கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதப் பழகிக்கொண்டாள். அங்கேயும் அதே வேலைதான், சுருக்குவது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஏன்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "யாரும் சுருக்கமாப் பேசல" என்றாள். மத்தியானம் வெண்ணெய் தடவாத ரொட்டியில் ஒரு துண்டு சீஸ் வைத்துச் சாப்பிடுவாள். பாவாடையும் கம்பளிச் சட்டையும் எப்போதும் ஒரே சாம்பல் நிறம்.

திங்கட்கிழமை காலையில் டீக் கோப்பையோடு மேசை மேசையாக வருவாள். சர்ச்சுக்கு உண்டியல் குலுக்க வருகிறவர்கள் மாதிரி ஒவ்வொருவர் முன்பாகவும் நிற்பாள்.

"உன்கிட்ட ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல ஹில்டா. போன வாரமே எல்லாத்தையும் உருவிட்டியே."

"இருக்கும். தேடு."

இருக்கத்தான் செய்யும். எங்கள் பையன்கள் எல்லாருமே கள்ளன்கள். பின்னால் திடீரென்று தேவைப்படுமே என்று, எதற்கும் உதவாத வெறும் வரிகளை நடுநடுவே எழுதிக் கொஞ்சம் இடத்தைப் பதுக்கிவைப்பார்கள். இந்த வழக்கம் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் உண்டு. ஹில்டா அதையும் மோப்பம் பிடித்துவிடுவாள். அவர்கள் வீட்டுக்குப் போனதும் புரோகிராமை அச்சடித்த தாள்களோடு உட்கார்ந்து, பதுக்கியதையெல்லாம் தன் பென்சிலால் அடித்து, கம்ப்யூட்டரிலும் எடுத்துவிடுவாள். மறுநாள் வந்து பார்த்தால் புரோகிராம் முன்போலவே ஓடும், அளவு மட்டும் இளைத்திருக்கும். அந்தப் பென்சிலுக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரி.

அவளிடம் அதிகம் அடிபட்டவன் நெவில் ஷார்ப்பிள்ஸ். இருபத்தைந்து வயது, நீளமான கை கால், வாய் அதைவிட நீளம். மெமரி பேக்கில் எழுதுகிற பகுதி முழுவதும் அவன் போட்டது. நன்றாகத்தான் போட்டிருந்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு விஷயத்தை ஒரு வார்த்தையில் சொல்ல அவனுக்கு வராது. ஆகஸ்டில் ஒருநாள் அவன் பதுக்கிவைத்திருந்ததையெல்லாம் ஹில்டா கண்டுபிடித்து மொத்தமாக வெட்டிவிட்டாள். அவன் ஆபீஸ் அதிரக் கத்தினான்.

"என் சட்டைப் பைக்குள்ள கைய விட்டு எடுத்த மாதிரி இருக்கு ஹில்டா!"

"எடுத்தது உபயோகம் இல்லாதது. இன்னும் திரையில வர்ற உன்னோட செய்தியெல்லாம் பாக்கி இருக்கு. அதைப் பத்தியும் உன்கிட்ட..."

"என்ன வேணா பண்ணிக்குங்க! வெட்டுங்க, கிழிங்க! என்கிட்ட மட்டும் வந்து சொல்லாதீங்க, போதும்!"

"சரி" என்றாள் ஹில்டா. அதற்குப் பிறகு அவள் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாதே என்றால் சொல்லமாட்டாள், அவள் சுபாவம் அப்படி. அவனும் பேச்சை நிறுத்திவிட்டான்.

செப்டம்பர் கடைசியில் வேலை முடிந்தது. புரோகிராமின் மூலப் பிரதி ஜப்பானில் இருந்த சில்லுத் தொழிற்சாலைக்குப் போனது. அங்கே அதைச் சில்லிலேயே வார்த்துவிடுவார்கள். வார்த்த பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. தப்பு இருந்தால் தப்போடுதான் ஆயிரக்கணக்கில் வரும். அக்டோபரில் வரும் இரண்டாவது வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் டெலக்ஸ் மிஷினில் செய்தி அடித்து அனுப்பினால் நிறுத்தலாம். நிறுத்தினால் எங்கள் முறை போய்விடும், அடுத்த முறை கோடைக்குப் பிறகுதான். ஹில்டா சுவர் நாட்காட்டியில் இரண்டு வாரத்துக்குக் கோடு இழுத்து 'கால்வாய்' என்று எழுதிவிட்டு லீவில் போய்விட்டாள். அவளுடைய அண்ணன் வில்ஃபிடம் ஒரு நீளப் படகு உண்டு. வருஷா வருஷம் இரண்டு பேரும் அதில் கால்வாய் வழியாக ஊர் ஊராகப் போவார்கள்.

அவள் போன மறு வாரம், செவ்வாய்க்கிழமை, ஜெஃப்ரி ஒரு பெட்டி நிறைய எக்கிள்ஸ் கேக்கோடு மேலே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாரும் வாங்க! பெரிய ஆர்டர் வந்திருக்கு. யாருக்குன்னு சொல்லுங்க பாப்போம்?"

"ராணுவமா?" என்றான் ஒருவன்.

"மருத்துவச்சிங்க! இந்த மாவட்டம் பூரா வீடு வீடாப் போய்ப் பிரசவம் பாக்கிறாங்களே, அவங்க பையில இனிமே நம்ம லின்னெட்! குழந்தை எடை, அம்மாவோட ரத்த அழுத்தம், எல்லாம் அதுலதான் ஏத்தப் போறாங்க. வசந்த காலத்துல கொடுத்தாகணும்."

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். என் தங்கை ஏவ்ரில் மருத்துவச்சி. அந்த ஆர்டரில் அவளுக்கும் ஒன்று கிடைக்கும். கேக்கைக் கடித்தபடி திரும்பினால், நெவில் சுவரோடு சுவராக நிற்கிறான். முகத்தில் ரத்தமே இல்லை. கேக் கையிலேயே இருக்கிறது. தின்பண்டத்தை நெவில் கையில் வைத்துக்கொண்டு நின்று நான் பார்த்ததே இல்லை. மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடா ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"நோரீன்... அந்தச் செய்தி."

"எந்தச் செய்தி?"

"மெமரி பேக்ல எழுதும்போது பாதியில பேட்டரி நழுவிட்டா, அந்தப் பதிவு போயிடும். திரும்ப ஆன் பண்ணும்போது திரையில ஒரு செய்தி வரும். நடக்கவே நடக்காதுன்னு விளையாட்டா போட்டேன். மாத்தணும்னு நினைச்சேன். மறந்துட்டேன்."

"என்ன போட்ட?"

அவன் கேக்கைப் படியில் வைத்தான். "'செத்துப்போச்சு கண்ணு. ஸாரி.'"

மாடிப்படிக் கதவை இழுத்துச் சாத்தினேன், யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறது.

நடக்கவே நடக்காத இடத்தில் கேலியாக ஒரு வரி எழுதிவைப்பது எங்கள் பையன்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியம். லின்னெட்டை வாங்குகிற விற்பனைக்காரன் ஒருவன் அதைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போவான். ஆனால் ஏவ்ரில் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்: மருத்துவச்சி எதை எழுதினாலும் பெற்றவள் எட்டி எட்டிப் பார்ப்பாள். தராசில் குழந்தை கிடக்கிறது. கொஞ்சம் நீலம் பாரித்திருக்கிறது, இன்னும் அழவில்லை. பெற்றவள் கழுத்தை நீட்டித் திரையைப் பார்க்கிறாள். அங்கே இந்த வரி.

"அறிவிருக்காடா உனக்கு?" என்றேன்.

"ஹில்டா அதை வெட்டியிருக்கலாம் இல்ல?" என்றான் ஈனமான குரலில்.

அதுதான் இப்போது கேள்வி. வெட்டினாளா, வெட்டவில்லையா? எங்களிடம் இருந்த மூலப் பிரதியைத் திறந்து எழுத்து எழுத்தாகத் தேடினோம். கிடைக்கவில்லை. அப்பாடா என்று மூச்சுவிடப் போனேன், நெவில் தலையில் கை வைத்தான். அதில் எந்தச் செய்தியும் கிடைக்கவில்லை, 'வணக்கம்'கூட. இடத்தை மிச்சம் பிடிக்க ஹில்டா எல்லாச் செய்திகளையும் தன்னுடைய ஏதோ ஒரு முறையில் நசுக்கி மடித்து வைத்திருந்தாள். அதைப் பிரிக்கும் விதம் அவளுக்கு மட்டுமே தெரியும். மடிக்காத பிரதி இருக்கும் அவளுடைய டிஸ்க் இரும்பு அலமாரியில். அலமாரிச் சாவி அவள் கழுத்தில். கழுத்து கால்வாயில்.

"அதை நடக்க வெச்சுப் பாத்துடுவோம்" என்றேன். புதன்கிழமை முழுவதும் அதே புரோகிராம் ஏற்றிய ஒரு சோதனை லின்னெட்டை எடுத்துவைத்துக்கொண்டு, அது எழுதும்போது பேட்டரியை உருவினேன். ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்குள் எழுதி முடித்துவிடுகிறது. ஒன்று சீக்கிரம் உருவுகிறேன், அல்லது தாமதமாக. என் கட்டைவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். நெவிலின் புரோகிராம் அவ்வளவு நன்றாக இருந்தது, நாசமாய்ப் போக.

"ஜெஃப்ரிகிட்ட சொல்லிடுறேன். டெலக்ஸ் அடிச்சு நிறுத்திடட்டும்" என்றான் அன்று சாயங்காலம். கண் சிவந்திருந்தது.

"நிறுத்தினா மருத்துவச்சிங்க ஆர்டர் போச்சு. அதோட உன் வேலையும்."

"போகட்டும். அந்த வரி ஒரு அம்மா கண்ணுல படக்கூடாது, நோரீன். வேலை வேற எங்கயாவது கிடைக்கும்."

அந்த நிமிஷத்தில்தான் அவனை எனக்குப் பிடித்தது. அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. "ஒருநாள் பொறு, வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு" என்றேன். "அந்தப் படகு நடக்கிற வேகத்துலதானே போகும்? எங்க ஓடிடப் போறா?"

ஹில்டாவின் பக்கத்து வீட்டு அம்மாளைக் கேட்டேன். லிவர்பூல் பக்கமிருந்து ப்ளாக்பர்னுக்குப் போகிறார்களாம், நாளைக்கு விகன் ஊர் வழியாகவாம். அப்படியென்றால் விகனில் ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே கால்வாய் மலை ஏறுகிறது; ஒன்றன்மேல் ஒன்றாக இருபதுக்கு மேல் மதகுகள். ஒவ்வொன்றிலும் கதவை மூடி, தண்ணீர் ஏற்றி, கதவைத் திறந்து, படகை ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும். எந்தப் படகுக்கும் அங்கே ஒரு பகல் போய்விடும்.

வியாழக்கிழமை காலை நெவிலின் ஓட்டை மினி காரில் கிளம்பினோம். வழியெல்லாம் மழை. அடிவாரத்தில் காரை விட்டுவிட்டு மதகு மதகாக மேலே ஏறினோம். ஒவ்வொரு படகின் பெயரையும் பார்த்துக்கொண்டே போனோம். எனக்கு மூச்சு வாங்கியது. பாதி உயரத்தில் நெவில் கத்தினான்.

"அதோ! அந்தச் சாம்பல் பாவாடை!"

ஹில்டாவேதான். மதகுக் கதவின் பெரிய மரக்கட்டையில் முதுகைக் கொடுத்து, குதிகாலை ஊன்றிப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு பிளாஸ்டிக் மழைத்தொப்பி. எங்களைப் பார்த்து அவள் ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"ஹில்டா! அந்த மெமரி பேக் செய்தி..."

"தள்ளு" என்றாள்.

"இல்ல ஹில்டா, ரொம்ப அவசரம்..."

"படகு உள்ள வரணும். தள்ளு முதல்ல."

வேறென்ன செய்வது? நெவில் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் முதுகைக் கொடுத்தோம். கதவு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கீழே படகை ஓட்டிக்கொண்டு வந்த வில்ஃப் எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினார். ஹில்டா மிச்சம் பிடிக்கிற வார்த்தைகளையெல்லாம் செலவழிக்கிறவர் அவர்.

"அடடே, ஆபீஸ் ஆளுங்களா! வாங்க வாங்க! நேத்து பர்ஸ்கோ ஊர்கிட்ட ஒரு அன்னம் பாருங்க, சொன்னா நம்ப மாட்டீங்க, நேரா ஜன்னல் வழியா தலைய விட்டு என் பன்னைத் தூக்கிட்டுப் போயிடுச்சு! நான் என்ன பண்ணேன் தெரியுமா..."

"வில்ஃப்" என்றாள் ஹில்டா. அவர் நிறுத்திக்கொண்டார். கதவு திறந்து படகு உள்ளே நுழைந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவள் நெவிலைப் பார்த்தாள்.

"சொல்லு. சுருக்கமா."

அவன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருக்கமாகச் சொன்னான். "பேட்டரி நழுவினா வர்ற செய்தி. என்னோடது. இன்னும் இருக்கா?"

"நீளமா ஒண்ணு இருந்துதே, கண்ணு, மூக்குன்னு?"

"அதேதான்."

"ஆகஸ்ட்லயே எடுத்துட்டேன். சொல்ல வந்தேன். சொல்லாதேன்ன."

நெவில் மதகுக் கட்டையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் நான் உடைத்துப் பார்க்கிறவள். யார் சொன்னாலும் அப்படியே நம்பிவிட முடியுமா?

"நிச்சயமா ஹில்டா? அதுக்குப் பதிலா என்ன இருக்கு?"

"'திரும்பப் போடு.' அது ஏற்கனவே வேற இடத்துக்கு இருந்துது. அதையே இங்கயும் வர வெச்சுட்டேன். ஒரு பைட்கூடச் செலவில்ல." கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்தாள். "டிஸ்க் மேல் தட்டுல. பாத்துக்கோ. நம்பலன்னா தப்பில்ல."

"எதுக்கு இப்ப இந்தப் பையன் அழுறான்?" என்றார் வில்ஃப் கீழேயிருந்து.

நான்தான் சொன்னேன், மருத்துவச்சிகள், தராசு, பெற்றவள் எட்டிப் பார்ப்பது எல்லாம். ஹில்டாவுக்கு மருத்துவச்சிகள் விஷயமே அதுவரை தெரியாது. கேட்டுக்கொண்டே கதவை மூடி, மதகில் தண்ணீர் ஏற விட்டாள்.

"தந்தி ஆபீஸ்ல சாவுங்கிற வார்த்தையைத்தான் அதிகமா எண்ணியிருக்கேன்" என்றாள். "எதிர்ல ஆளுங்க நிப்பாங்க. எல்லா வார்த்தையையும் அடிச்சுடலாம், அதை மட்டும் அடிக்க முடியாது. உன்னோட செய்தியில அடிக்க முடிஞ்சுது. அடிச்சேன். இடமும் மிச்சம்."

இவ்வளவு நீளமாக ஹில்டா பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். நெவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஹில்டா, நான் உங்ககிட்ட..." என்று ஆரம்பித்தான்.

"வேண்டாம்" என்றாள் அவள். "அடுத்த மதகு இருக்கு. தள்ளு."

மேலே போய்ச் சேரும்வரை தள்ளினோம். இடையில் வில்ஃப் கடைக்குப் போய்ச் சூடாக இறைச்சி அடைத்த அப்பங்கள் வாங்கிக்கொண்டு வந்தார். நெவில் மூன்று தின்றான். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவன் சாப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மழை நின்றதும் நனைந்த துணியோடு படகின் கூரையில் உட்கார்ந்து சிரி சிரி என்று சிரித்தோம், எதற்கென்றே தெரியாமல். அன்னம் கதையை வில்ஃப் முழுசாகச் சொன்னார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை சாவியைப் போட்டு அலமாரியைத் திறந்து பார்த்தோம். அவள் சொன்னபடியே இருந்தது. மத்தியானம் பன்னிரண்டு அடித்தது. டெலக்ஸ் மிஷின் சும்மா கிடந்தது. ஜெஃப்ரி அந்தப் பக்கமாக வந்து, "என்ன நெவில், இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்க போல?" என்று கேட்டார். "வானிலை நல்லா இருக்கு" என்றான் இவன். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு, அடுத்த மாடல் வேலையில், ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஹில்டா வருவதற்கு முன்பே, தான் பதுக்கியதை எடுத்து நெவில் அவள் மேசையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். "இது போதாது" என்பாள். "தெரியும்" என்பான். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சிநேகிதம் உண்டாகிவிட்டது.

வசந்தத்தில் லின்னெட் மருத்துவச்சிகளிடம் போனது. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏவ்ரில் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். கோட்டைக் கழற்றும்போதே சண்டைக்குத் தயாராக இருந்தாள்.

"உங்க மிஷின் இருக்கே, அதுக்குக் கொஞ்சமாவது மரியாதை தெரியுமா அக்கா?"

"ஏன், என்ன பண்ணுச்சு?"

"பேக்கப் ஊர்ல ஒரு வீடு. மூணாவது மாடி, ரேழி பூரா சைக்கிளு. குழந்தை பொறக்கவே ரொம்ப நேரமாயிடுச்சு, வந்ததும் அழல. தட்டித் தேச்சு ஒருவழியா அழுதுது. பொண்ணு, குட்டியூண்டு. எடை போட்டு உங்க மிஷின்ல ஏத்துறேன், புருஷன்காரன் சந்தோஷத்துல துள்ளி என் கையைத் தட்டிவிட்டுட்டான். மிஷின் தரையில. பேட்டரி கழண்டு கட்டிலுக்கு அடியில ஓடிடுச்சு. எடுத்துப் போட்டு ஆன் பண்ணா..."

என் கையிலிருந்த உருளைக்கிழங்குக் கரண்டி அப்படியே நின்றது. நடக்கவே நடக்காதது நடந்திருக்கிறது. "யார் பாத்தா? திரைய யார் பாத்தா?" என்றேன்.

"வேற யாரு, பெத்தவதான். எழுந்திரிக்கவே முடியல, தலையை மட்டும் தூக்கி எட்டிப் பாக்கிறா. 'என்ன சிஸ்டர் போட்டிருக்கு? என் குழந்தைக்கு ஏதாவதா?'ன்னு கேக்கிறா."

"என்ன போட்டிருந்துது?"

"'திரும்பப் போடு'ன்னு போட்டிருந்துது! மகாராணி மாதிரி அதிகாரம்! 'ஒண்ணும் இல்லம்மா, எடையை இன்னொரு தடவை ஏத்தச் சொல்லுது'ன்னு சொல்லிட்டுத் திரும்பப் போட்டேன். அவளும் படுத்துட்டா, குழந்தையும் பால் குடிச்சுது. ஆனா ஒரு 'தயவுசெய்து' போடக்கூடாதா? நாலு பேர் முன்னாடி என்னை வேலைக்காரி மாதிரி... ஏய், எதுக்கு அழற? நோரீன்? நான் என்ன சொல்லிட்டேன்?"

கரண்டியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மிஷினைக் குறை சொன்னதற்கா இப்படி அழுகிறாள் என்று பயந்து, "சரி சரி, நல்ல மிஷின்தான்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போனதும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, நேரே ஹில்டா மேசைக்குப் போனேன். நெவிலையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பேக்கப் ஊர் வீடு, கட்டிலுக்கடியில் பேட்டரி, எட்டிப் பார்த்த பெண், அவள் கேட்ட கேள்வி, திரையில் வந்த வார்த்தை எல்லாம் சொன்னேன். நெவில் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஹில்டா கேட்டுக்கொண்டே சீஸ் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி முடித்தாள்.

"குழந்தை?" என்றாள்.

"நல்லா இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, அதைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"என் தங்கச்சிக்கு மட்டும் ஒரு குறை" என்றேன். "அதுல ஒரு 'தயவுசெய்து' இல்லையாம்."

"இருந்துது" என்றாள் ஹில்டா. "எடுத்துட்டேன்."